மாஸ்டர்ஸ் செய்யலாமா சேர்?

பாடசாலை விடுமுறை விட்டால் போதும், எனக்குக் கோல் வரத் தொடங்கிவிடும். “சேர், மாஸ்டர்ஸ் ஒன்று செய்யலாம் என்று நினைக்கிறேன், எதுக்குப் போடலாம்?” அட்டனிலிருந்து, மஸ்கெலியாவிலிருந்து, பண்டாரவளையிலிருந்து என்று கேட்பார்கள். ஒரு தடவை ராகலைப் பக்கம் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே ஒரு தம்பி பேசினார், பாதிக்கு மேல் எனக்கு ஹோர்ன் சத்தம்தான் கேட்டது. அடுத்த இரண்டு கேள்விகளும் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான்: எத்தனை மாதம், எவ்வளவு காசு. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு மூன்றாவது வரும். “ஆய்வேடு கட்டாயமா சேர்?”

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மலையகத்தில் ஒரு கல்வியியற் கல்லூரியில் ஆசிரிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது ஒரு வேலை. படிப்பிக்கப் போகிறவருக்குப் படிப்பிப்பது வேறு வேலை. இரண்டாவதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, “நல்ல டீச்சர்தானே, கல்லூரியில் போடுங்கள்” என்று போட்டுவிடுவார்கள். தாதியர் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். வளர்ந்தவர்கள் ஒரு தொழிலை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், அதற்குப் பாடத்திட்டம் எப்படிப் போடுவது, எதை வைத்து மதிப்பிடுவது என்று பார்க்கிற ஒரு படிப்புத் துறை இருக்கிறது. லண்டனில் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தில் ‘உயர், தொழில்சார் கல்வி’ என்ற பெயரிலேயே எம்.ஏ. நடத்தினார்கள். நம் நாட்டில் இது கல்வி முதுமாணிக்குள்ளோ (முதுமாணி என்பதுதான் மாஸ்டர்ஸ்), ஆசிரியர் கல்வி முதுமாணி என்ற பெயரிலோ கிடைக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் பாட அலகுகளை எடுத்துப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

முதுமாணிக்குச் சேர்ந்த முதல் வருடம், பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துக்கு மேலே இருக்கிற ஒரு சிறிய பாடசாலைக்குக் கற்பித்தல் பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். நாலாம் வகுப்பு, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், பாடம் நீர். பின் வாங்கில் அவதானிப்புப் படிவத்தோடு உட்கார்ந்தேன். இருபது வரி, வரிக்கு ஐந்து புள்ளி. பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரிய மாணவர் பேசத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மழை கொட்ட ஆரம்பித்தது. தகரக் கூரையில் மலையக மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது, தெரியும்தானே. அவர் இரண்டு தடவை சத்தமாகப் பேசிப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் ‘கேளுங்கள்’ என்று மட்டும் எழுதினார். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கூரையையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மேசையில் பென்சில் போட்டு வைத்திருந்த யோகட் கப்பைக் காலியாக்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, எத்தனை கை தண்ணீரில் அது நிறையும் என்று சைகையிலேயே ஒவ்வொரு பிள்ளையாக எண்ண வைத்தார். பதினேழு என்று ஒரு பொடியன் விரலை மடக்கி மடக்கிக் காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் என்ன செய்தேன்? குரல் தெளிவு: 2. பாடக்குறிப்பைப் பின்பற்றல்: 2.

வகுப்பு முடிந்து அவர் வந்து நின்றார், கண் சிவந்திருந்தது. “மழை பெய்யும்போது என்ன சேர் செய்திருக்கணும்?” என்று கேட்டார். வாதாடவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. “கொஞ்சம் சத்தமாகப் பேசிப் பழகுங்கள்” என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஒப்படைக்காக வாசிக்கும்போது அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதியது கையில் கிடைத்தது. தொழில் தெரிந்தவரின் அறிவு பெரும்பாலும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, எதிர்பாராதது வந்து மோதும் இடத்தில்தான் வெளிப்படும், அதைப் பிறகு கேட்டால் அவருக்கே முழுதாகச் சொல்லத் தெரியாது என்பது அவர் வாதம். வாசித்துக்கொண்டே போனவன் அந்த யோகட் கப்பில் வந்து நின்றுவிட்டேன். அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த ஒரே தொழில்சார் காரியம் அதுதான், என் படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவில் தையற்காரரிடம் வேலை பழகுகிறவர்களைக் கவனித்திருக்கிறார். அங்கே புதிதாக வருகிறவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று முடிகிற இடத்திலிருந்து தொடங்கி, துணி வெட்டுவதற்குக் கடைசியாகத்தான் வருவார்கள். பிழை விட்டாலும் துணி வீணாகாத இடத்தில் முதலில் நிற்கவைக்கிறார்கள். இதை வாசித்த அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன், “நீங்க கொழுந்தெடுக்க எப்படிம்மா பழகினீங்க?” யாரும் பழக்கவில்லை என்றார். அவருக்கென்று நிரை கொடுக்கவில்லையாம், பாட்டியின் நிரை ஓரத்தில் நின்று பிடுங்கிப் பாட்டியின் கூடையிலேயே போடுவாராம். முற்றின இலை போட்டால் பாட்டி ஒன்றும் சொல்லாமல் எடுத்து வீசுவாராம், அவ்வளவுதான் பாடம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மா ஒரு நிமிடத்தில் சொன்னதை நான் கட்டணம் கட்டி ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாசித்திருக்காவிட்டால் அம்மாவிடம் கேட்கவும் தோன்றியிருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிக் காசை எதில் போடுவது என்ற விஷயம். இதைக் கவனமாக வாசியுங்கள்.

இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது, மொத்தம் 12 மட்டங்கள். முதுமாணியில் இரண்டு வகை: 9ஆம் மட்டம் பாடநெறி மட்டும், 30 திறமைப்புள்ளி (கிரெடிட்). 10ஆம் மட்டம் 60 திறமைப்புள்ளி, அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. இரண்டுக்கும் சான்றிதழில் முதுமாணி என்றுதான் இருக்கும், ஆனால் பின்னால் எம்.பில்., பி.எச்.டி. என்று போக ஆசைப்படுகிறவர் முதலிலேயே எந்த மட்டம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் இருக்காது, கைநூலில் இருக்கும். பிரித்தானிய முதுமாணி 180 கிரெடிட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலக் கற்றல், இங்கே பாடநெறிக்கு 50. பெருக்கிப் பாருங்கள், அங்கே 1,800 மணித்தியாலம், இங்கே 30 திறமைப்புள்ளிக்கே 1,500.

தெரிந்த ஒரு நண்பர், தொழிற்பயிற்சிப் போதனாசிரியர், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் இளமாணிப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதுதான், அதைக் காட்டித்தான் சேர்த்தார்கள். முதுமாணிக்கு அங்கீகாரம் இல்லை என்பது கோவையைக் கொண்டுபோய் நீட்டிய பிறகுதான் தெரிந்தது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அரசு சாராத நிறுவனத்துக்குப் பட்டம் வழங்க வர்த்தமானியில் அனுமதி கொடுப்பது குறிப்பிட்ட பட்டங்களுக்குத்தான், நிறுவனத்துக்கு மொத்தமாக அல்ல. ஆகவே உங்கள் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். ஏஜெண்ட் வட்ஸ்அப்பில் அனுப்புகிற கடிதம் கணக்கில் சேராது. பதவி உயர்வுக்கு உதவுமா என்பதை உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பில்தான் (சேவையின் விதிகள் இருக்கிற ஆவணம்) பார்க்க வேண்டும், பக்கத்து மேசைக்காரரிடம் அல்ல.

நேரம்? 1,500 மணித்தியாலத்தை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினான்குக்கு மேல் வருகிறது. அட்டனிலிருந்து விடியற்காலைப் பனியில் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பேராதனை போகிற நேரம் அதில் சேர்த்தி இல்லை. நான் பஸ்ஸில் வாசித்துப் பார்த்தேன், வளைவில் தலை சுற்றியது, விட்டுவிட்டேன். வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், வேறென்ன சொல்ல.

இனி அந்த ஆய்வேடு. எல்லோரும் பயப்படுவதும் பாதிப் பேர் நின்றுவிடுவதும் இங்கேதான், நான் பார்த்தவரைக்கும் ஆங்கிலமோ புள்ளிவிபரவியலோ இதற்குக் காரணம் இல்லை. தலைப்பு தூரத்திலிருந்து வந்திருக்கும். ‘இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்களும் கல்வித் தரமும்’ என்று ஆகாயத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாதமே என்ன எழுதுவதென்று தெரியாமல் நிற்பார்கள். அப்போதுதான் காசுக்கு எழுதித் தருகிறவர் வந்து சேருவார். அவரிடம் போனால் பிடிபடுகிறீர்களோ இல்லையோ, மேற்பார்வையாளர் கேட்கிற முதல் கேள்விக்கே விழிப்பீர்கள். என் ஆய்வு வேறெங்கிருந்தும் வரவில்லை, அந்த மழையிலிருந்துதான் வந்தது. நாங்கள் பயன்படுத்துகிற அவதானிப்புப் படிவங்கள் எதைப் பார்க்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று நானே பழைய படிவங்களை அள்ளி வைத்துக்கொண்டு எண்ணினேன். எழுதக் கஷ்டமாக இருந்தது, ஆனால் ஒரு நாளும் அலுக்கவில்லை.

போன விடுமுறையில் ஒரு ஆசிரிய ஆலோசகர் பேசினார், தங்கச்சி முறை. அதே கேள்விகள், அதே தயக்கம். உங்கள் வேலையில் எது உங்களைத் தூங்க விடுவதில்லை என்று கேட்டேன். “செயலமர்வு நடத்துறோம் சேர், எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டுச் சாப்பிட்டுப் போறாங்க, அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் போய்ப் பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது, ஏன் என்று யாருமே கேட்கிறதில்லை” என்று மூச்சு விடாமல் சொன்னார். இதைத்தான் எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “இதையெல்லாம் ஆய்வாக எடுப்பாங்களா சேர்?”

இப்போது சேர்ந்துவிட்டார். நேற்று ஏழு பக்கம் அனுப்பியிருக்கிறார், இன்றிரவு வாசிக்க வேண்டும்.