வீலைக் கழுவும் முன் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்

காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு உண்டு. வாரம் தவறாமல் கழுவுவார். நாலு அலாய் வீலும் எப்போதும் பளபளவென்று இருக்கும். ஒருமுறை சர்வீஸுக்கு விட்டபோது, முன்பக்க இடது வீலைக் கழற்றிய பையன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வீலோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துபவை பிரேக் பேடுகள். வெளிப்பக்க பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. உட்பக்க பேடில் ஒன்றுமே இல்லை. பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகடு நேராக டிஸ்க்கை உரசி, வட்ட வட்டமாகப் பள்ளம் போட்டிருந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபர் நகர்வதற்கான இரும்புக் கம்பி (காலிபர் பின்) துருப்பிடித்து இறுகிப்போய்ப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும்.

“இந்த வீல் மட்டும் கொஞ்சம் அதிகமாக் கறுத்திருக்குமே, கவனிச்சீங்களா சார்?” என்று கேட்டேன்.

“ஆமா, அதனாலதான் அதுக்கு மட்டும் ரெண்டு தடவை சோப்பு போடுவேன்” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. வீலில் படியும் கறுப்புத் தூளை எல்லோரும் அழுக்காகத்தான் பார்க்கிறார்கள். “இது படியாமல் இருக்க என்ன பண்ணலாம்?” என்று கேட்டு வருகிறவர்களுக்கும், கையில் என்ன ஸ்பிரே வாங்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. நான் முதலில் வீலைப் பார்க்க வேண்டும் என்பேன். கழுவாமல் கொண்டுவரச் சொல்வேன். அதில் பலருக்குச் சங்கடம். டாக்டரிடம் போகும் முன் பல் துலக்குவது மாதிரி, பட்டறைக்கு வரும் முன் வண்டியைக் கழுவிவிடுகிறார்கள்.

அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது? பெடலை மிதித்தால் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன், பேடுகளைச் சுழலும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. வண்டியின் வேகம் வெப்பமாக மாறுகிறது. பேடும் டிஸ்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. பேட் மட்டும்தான் தேய்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அதுவும் கூடவே தேய்கிறது. தூளில் இரும்பு நிறைய இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பேடில் இருந்து எஃகு இழை, கிராஃபைட், எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் ரெசின் எல்லாம் பொடியாகி வருகின்றன. சூடாக வந்து வீலில் ஒட்டும் இந்தப் பொடியில் ஈரம் பட்டால், உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து வீலின் மேல்பூச்சைக் கடித்துக்கொள்ளும். மழைக்குப் பிறகு வெள்ளி நிற வீலில் பொட்டுப் பொட்டாகச் செம்மை தெரிகிறதே, அது இதுதான். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வெறும் தண்ணீருக்கு அசையாது.

ஆக, தூள் வருவது நோய் அல்ல. பிரேக் வேலை செய்கிறது என்று அர்த்தம். எவ்வளவு, எந்த வீலில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால், பெரும்பாலான கார்களில் முன் பிரேக்தான் அதிகம் உழைக்கிறது. அதனால் முன் வீல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கறுத்து, பின் வீல் இரண்டும் அதைவிட வெளுப்பாக இருப்பது வழக்கம். பின்னால் டிரம் பிரேக் (மூடிய உருளைக்குள் ஷூ உரசும் வகை) என்றால் தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும், வீல் சுத்தமாகவே தெரியும். சில புதிய வண்டிகளில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு பின் பிரேக்கை அடிக்கடி லேசாக இயக்குவதால் பின் வீலும் நன்றாகக் கறுக்கும், அதுவும் பரவாயில்லை. ஒப்பிட வேண்டியது முன்னையும் பின்னையும் அல்ல, இடதையும் வலதையும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு வீல்களிலும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஒன்றில் கரி மாதிரி ஒட்டி, இன்னொன்றில் லேசாக மட்டும் வந்தால் விஷயம் இருக்கிறது.

கறுத்த பக்கம்தான் பழுது என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. காலிபர் பின் இறுகினாலோ, பிஸ்டன் திரும்பி வராமல் சிக்கினாலோ, பிரேக் ஹோஸின் உட்புறம் வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டாலோ, அந்த வீலில் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்; தூளும் கூடும். ஆனால் பிஸ்டன் வெளியே வரவே முடியாமல் இறுகியிருந்தால் அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்காது, வீல் புத்தம் புதிதாக மின்னும். மற்ற வீல் இரண்டு பேர் வேலையைச் செய்து கறுத்துப் போயிருக்கும். சுத்தமாக இருக்கும் வீல்தான் நோயாளி! பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசிப் பகுதியில் பிரேக்கை அதிகம் தொடாமல் வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு வீலின் நடுப்பகுதிக்கு அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருகிய வாடை வந்தால் அப்படியே பட்டறைக்கு விடுங்கள். வீலின் உட்புறத்தில் பொடிக்குப் பதிலாக ஈரமான பிசுக்கு இருந்தால் அது தூள் பிரச்சினையே அல்ல. பிரேக் எண்ணெய் கசிகிறது, அல்லது டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கிறது. முதலாவது என்றால் வண்டியை எடுக்கவே கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வீல் சீக்கிரம் கறுக்கிறது என்றால், அப்புறம்தான் குறைப்பதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் கால். 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்துவதற்கும் 50-இல் இருந்து நிறுத்துவதற்கும் பிரேக் சந்திக்கும் சுமை இரண்டு மடங்கு வித்தியாசம் அல்ல, நாலு மடங்கு. முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், பிரேக்குக்கு வேலை வரும்போது வேகம் பாதியாகியிருக்கும். மலைப்பாதை இறக்கத்தில் பெடலில் கால் வைத்தபடியே இறங்குவதற்குப் பதில் குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினே பிடித்துக்கொடுக்கும். ஒரே மாடல், ஒரே பேட் போட்ட இரண்டு கார்களை அடுத்தடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாலே ஓட்டுகிறவரின் குணம் தெரிந்துவிடும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

அடுத்தது பேட். இரும்பு அதிகம் கலந்த செமி மெட்டாலிக் பேடுகள் சூட்டைத் தாங்கும், கடுமையான உழைப்புக்கு ஏற்றவை, ஆனால் கறுப்புத் தூள் நிறைய வரும். செராமிக் பேடில் தூள் குறைவு, வருவதும் வெளிர் சாம்பல் நிறத்தில் இருப்பதால் கண்ணில் படாது, சத்தமும் குறைவு. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். பாரம் இழுக்கிறவர்கள், அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள் தூளுக்குப் பயந்து பேடை மாற்ற வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். எதைப் போட்டாலும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே பேட்தான். டிஸ்க்கில் பள்ளமும் விளிம்பில் மேடும் விழுந்திருந்தால் புதுப் பேடையும் அரைத்துத் தள்ளும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். புதுப் பேட் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டரில் தூள் சற்று அதிகம் வரும், பதற வேண்டாம்.

பேட் பெட்டியில் இலை படம் போட்டிருப்பதைச் சிலர் ‘தூள் வராத பேட்’ என்று நினைத்து வாங்குகிறார்கள். அது செம்பு அளவைச் சொல்லும் அடையாளம். சாலையில் படியும் செம்பு மழைநீரோடு ஆற்றுக்குப் போய் மீன்களைப் பாதிக்கிறது என்பதால், அமெரிக்காவில் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010-இல் சட்டம் கொண்டுவந்தன. 2025 முதல் பேடில் செம்பு 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. மூன்று இலை என்றால் அந்த அளவுக்குள் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். ஐரோப்பா ஒரு படி மேலே போய், வண்டிகள் விடும் மாசைக் கட்டுப்படுத்தும் யூரோ 7 விதியில் பிரேக் தூளுக்கே வரம்பு வைத்துவிட்டது. 2026 நவம்பர் முதல் அங்கே அறிமுகமாகும் புதுக் கார் மாடல்கள், பிரேக்கில் இருந்து காற்றில் விடும் நுண்துகள் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முழு மின்சாரக் கார் என்றால் 3 மில்லிகிராம்.

வீலுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டும் தூள் தடுப்புத் தகடு ஒன்று விற்கிறது. நான் மாட்டிக் கொடுப்பதில்லை. தூளைத் தடுக்கும், உண்மை. கூடவே டிஸ்க்கைக் குளிர்விக்கும் காற்றையும் தடுக்கும். நாள்பட்டு ஈரம் ஏறிய டாட் 4 தர பிரேக் எண்ணெயின் கொதிநிலை 155 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. வீல் பளபளப்புக்காக இந்த ஆபத்தை வாங்க வேண்டுமா?

கழுவுவதில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு, ஓட்டி வந்ததும் சூட்டோடு தண்ணீர் அடிப்பது. டிஸ்க் கோணிக்கொள்ள வாய்ப்பு உண்டு, கெமிக்கலும் வீலில் காய்ந்து கறையாகும். ஆறவிட்டு, முதலில் தண்ணீரால் பொடியை இறக்கி, பிறகு அமிலம் இல்லாத வீல் கிளீனரை ஒவ்வொரு வீலாகப் போடுங்கள். இரும்புத் துகளைக் கரைக்கும் வகை, வீலில் பட்டதும் ஊதா நிறமாக வழியும், அழுகின முட்டை வாடை அடிக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. காய விடாமல் அலசிவிட வேண்டும். வீல் துடைத்த துணியால் பாடியைத் துடைக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் தூள் அரம் மாதிரி பெயின்டைக் கீறும். சுத்தமான வீலில் மெழுகோ கோட்டிங்கோ பூசிவைத்தால் அடுத்த முறை தூள் தண்ணீரிலேயே இறங்கிவிடும். கையோடு டிஸ்க்குக்கும் டயர் பாலிஷ் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க்கில் பாலிஷோ எண்ணெயோ பட்டால் பிரேக் பிடிக்காது. பேடையே மாற்ற வேண்டி வரும். கழுவி முடித்ததும் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் மிதித்து டிஸ்க்கைக் காய வையுங்கள்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயை வைத்து ‘புஸ்’ என்று அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்பு பேடிலும் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 2005-இல் தடை செய்தது. பழைய வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்வையில் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூளும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மின்சாரக் கார்காரர்கள், “எங்க வீல்ல தூளே இல்லை” என்று பெருமையாகச் சொல்வார்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிவிடுவதால் பேடுக்கு அங்கே வேலை குறைவு. வேலை இல்லாத டிஸ்க்கில் துரு ஏறும், காலிபர் பின்னும் இறுகும். அப்படி வந்த ஒரு வண்டியில் பேட் தடிமன் புதிது போல இருந்தது, டிஸ்க்கின் உட்பக்கம் மட்டும் பழைய வாணலி மாதிரி இருந்தது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்: வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத இடமாகப் பார்த்து, பேட் டிஸ்க்கில் நன்றாக உரசும்படி நாலைந்து முறை அழுத்திப் பிரேக் போடுங்கள். உங்கள் வண்டியில் அதற்கு ரீஜெனை (மோட்டாரே வேகத்தைக் குறைப்பதை) குறைக்க வேண்டுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்பது கையேட்டில் இருக்கும். அதன் பிறகு வீலில் லேசாகக் கறுப்பு படிந்தால், அதை உடனே துடைக்காமல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.