பிக்கப்: கிட்டார்ல இருக்குறது எதை எடுக்குது, தமிழ்ல அதுக்கு என்ன பேரு

பிக்கப்னு சொன்னாலே நமக்கு முதல்ல வண்டிதான் ஞாபகம் வரும். "வண்டில பிக்கப்பே இல்ல"ன்னு புலம்புறோம், ஆள ஸ்டேஷன்ல போய் பிக்கப் பண்றோம், சாமான் ஏத்துற வண்டிக்கும் அதே பேரு. எலக்ட்ரிக் கிட்டார்ல தந்திகளுக்குக் கீழ பதிச்சிருக்குற அந்த குட்டிப் பெட்டிக்கும் இதே பேர்தான், ஆனா அது எதை பிக்கப் பண்ணுதுன்னு கேட்டா பாதிப்பேர் "சத்தத்த"ன்னு சொல்லிடுவாங்க. சத்தம் இல்லங்க, அங்கதான் தமிழ்ப் பேர் வைக்கும்போதும் சரி, சொந்தமா பிக்கப் செய்ய காந்தம், கம்பி வாங்கும்போதும் சரி, எல்லாரும் தடுமாறுறாங்க.

இந்தப் பேர் கிட்டாருக்கு வந்தது கிராமபோன்ல இருந்து. 1920கள்ல இசைத்தட்டுல இருந்து மின்சாரமா ஒலி எடுக்குற முறை வந்தப்போ, பள்ளத்துல ஓடுற ஊசியோட ஆட்டத்த மின் சிக்னலா மாத்துற பாகத்த பிக்கப்னு சொன்னாங்க. 1930கள்ல ஜார்ஜ் பீச்சம்ங்குறவரு ரெண்டு குதிரைலாட காந்தத்துக்கு நடுவுல தந்தி போற மாதிரி ஒண்ணு செஞ்சாரு, ரிக்கன்பேக்கர் கம்பெனியோட 'ஃப்ரையிங் பேன்' கிட்டார்ல வந்தது அதுதான், 1934ல பேட்டன்ட்டுக்கு அப்ளை பண்ணி 1937ல கிடைச்சது. ஊசிக்குப் பதிலா தந்தி, பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

வேலை செய்யுற விதம் இதுதான்: காந்தம் தனக்கு மேல இருக்குற ஸ்டீல் தந்தியையும் காந்தமாக்கி வச்சிருக்கும், தந்தி ஆடுனா காந்தப்புலம் ஆடும், அந்தப் புலத்துக்குள்ள இருக்குற செம்புக்கம்பிச் சுருள்ல வோல்டேஜ் பிறக்கும், ஃபாரடே 1831ல கண்டுபிடிச்ச அதே மின்தூண்டல். காத்துல வர்ற ஒலிக்கு இதுல வேலையே இல்ல, நைலான் தந்தி போட்டுப் பாருங்க, ஒண்ணும் வராது.

அதனால 'ஒலிவாங்கி' சரிப்படாது, அது மைக்குக்கு எப்பவோ குடுத்தாச்சு. 'அதிர்வுணரி' பரவாயில்ல, ஆனா அக்கூஸ்டிக் கிட்டார்ல ஒட்டுற பீஸோவும் (அழுத்தம் பட்டா வோல்டேஜ் தர்ற வில்லை) அதிர்வத்தான் உணருது, ரெண்டுக்கும் ஒரே பேர் வந்துடும். பழைய தமிழ்ல யாழுக்குக் கட்டுறது நரம்புதான், அத நம்பி 'நரம்புணரி'ன்னு வச்சா ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி இருக்கு. 'கம்பியுணரி'ன்னா எந்தக் கம்பி, மேல மீட்டுறதா உள்ள சுத்தியிருக்குறதா? என் ஓட்டு 'தந்தியுணரி'க்குத்தான். மேல இருக்குறது தந்தி, உள்ள இருக்குறது கம்பி, ஒரு தடவை கம்பி சுத்துனா ஒரு சுற்று, மொத்தமா சேர்ந்தா சுருள். வைண்டிங், காயில்னு சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல.

காந்தத்துக்கு வருவோம். பிக்கப்ல வர்ற காந்தம் பெரும்பாலும் அல்நிகோ இல்லன்னா செராமிக். அல்நிகோங்குறது அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூணோட வேதியியல் குறியீட்ட ஒட்டவச்ச பேரு, கூட இரும்பும் இருக்கு. அப்படிப்பட்ட பேர மொழிபெயர்க்கத் தேவையில்ல, அப்படியே எழுதலாம். வேடிக்கை என்னன்னா அல்நிகோ 3ல கோபால்ட்டே கிடையாது. கிட்டார்ல சாதாரணமா வர்றதுல அல்நிகோ 5 பலமானது, அடி கொஞ்சம் இறுக்கமா பளிச்சுன்னு வரும், 2ம் 3ம் இழுவை கம்மி, மென்மையா இருக்கும். செராமிக்ங்குறது ஃபெரைட், பெரும்பாலும் பட்டையா அடியில படுத்திருக்கும், மேல ஸ்டீல் முளைகள் நிக்கும். செராமிக்னாலே மட்டம்னு ஒரு பேச்சு இருக்கு, அது விலை கம்மியா இருக்குறதால வந்த பேச்சு, நல்லா வடிவமைச்சா நல்லாத்தான் இருக்கும். பலமான காந்தக் குச்சிய தந்திக்கு ரொம்பக் கிட்ட ஏத்திட்டா அது தந்தியையே இழுக்க ஆரம்பிச்சுடும், தடிச்ச தந்திய மேல் ஃப்ரெட்கள்ல மீட்டுனா ஒரே சுரத்துல ரெண்டு சுரம் கேக்குற மாதிரி அலையும், ட்யூனிங் கோளாறுன்னு நினைச்சு சாவிய முறுக்கிட்டே இருப்பாங்க. ஸ்க்ரூவ தளர்த்தி பிக்கப்ப இறக்குனா போதும்.

ஆனா சத்தத்தோட குணத்த அதிகம் தீர்மானிக்குறது சுருள்தான், காந்தத்த மட்டும் மாத்திட்டு ஆளே மாறிடும்னு எதிர்பார்க்காதீங்க. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல வர்ற ஸ்ட்ராட் வகை ஒத்தைச் சுருளுக்கு சுமார் 8,000 சுற்று, கிப்சனோட ஒத்தைச் சுருளான பி-90க்கு 10,000 பக்கம், ரெண்டு சுருள் இருக்குற ஹம்பக்கர்ல ஒவ்வொரு சுருளுக்கும் 5,000 பக்கம். சுற்று கூடக்கூட வெளிவர்ற வோல்டேஜ் கூடும், கூடவே இண்டக்டன்ஸும் (சுருளோட மின்தூண்டல் அளவு) ஏறும், அது கேபிளோட கெப்பாசிட்டன்ஸோட (மின்தேக்கும் அளவு) சேர்ந்து ஒத்ததிர்வு உச்சத்த, அதாவது பிக்கப் தூக்கிக் காட்டுற அதிர்வெண்ண, கீழ இறக்கிடும், மேல்கட்டைப் பளபளப்பு போய் நடுப்பகுதி தடிக்கும். ஓம்ஸ (கம்பியோட மின்தடைய) மட்டும் பாத்து இது பலமான பிக்கப்னு முடிவு பண்றது தப்பு, அதே சுற்ற மெல்லிய 43 கேஜ் (கம்பியோட தடிமன் எண், எண் கூடுனா கம்பி மெல்லிசு) கம்பில சுத்துனா மீட்டர்ல ஓம்ஸ் ஏறித்தான் காட்டும், அதனால வோல்டேஜ் ஒண்ணும் கூடாது.

கேஜ்னு சொன்னதும் ஒரு விஷயம். பிக்கப் ஆளுங்க சொல்ற 42 கேஜ் அமெரிக்கக் கணக்கு, தலைமுடி மாதிரி சுமார் 0.063 மிமீ. பிரிட்டிஷ் கணக்குல 42 கேஜ்னா சுமார் 0.1 மிமீ, அத வாங்கிட்டு வந்தா 8,000 சுற்று பாபினுக்குள்ள (கம்பி சுத்துற சட்டத்துக்குள்ள) அடங்கவே அடங்காது. கேஜ் சொல்லாம மில்லிமீட்டர்ல கேளுங்க.

ஹம்பக்கர்ல 'ஹம்' கரண்ட்டோட ஊஊன்னு வர்ற முனகல், 'பக்' பண்றதுன்னா எதிர்த்து நிக்குறது. ரெண்டு சுருள், காந்த முனையும் சுத்துன திசையும் ஒண்ணுக்கொண்ணு எதிர், அதனால முனகல் அடிபட்டுப் போகும், தந்தியோட சிக்னல் கூடும். கிப்சன் கிட்டார் கம்பெனில இருந்த சேத் லவர் 1955ல பேட்டன்ட்டுக்கு அப்ளை பண்ணாரு, 1959ல கிடைச்சது. வண்டு இரையுறதுக்கு 'முரல்'னு நல்ல சொல் இருக்குறதால 'முரல்முறி'ன்னு வைக்கலாம்னு எனக்கு ஆசை, ஆனா பேசும்போது 'இரட்டைச் சுருள்'தான் நாக்குல நிக்கும்.

'ஒலிவாங்கி' பொருந்துற ஒரே சந்தர்ப்பம், சுருள் தளர்வா இருக்கும்போது. கம்பி தானே அதிர ஆரம்பிச்சா பிக்கப் மேல விரலால தட்டுனாக்கூட ஆம்ப்ல கேக்கும், சத்தம் ஏத்துனா கீச்சுன்னு கத்தும். அதுக்குத்தான் பாரஃபின் மெழுகோட கொஞ்சம் தேன்மெழுகு சேத்து உருக்கி முக்கி எடுக்குறது, சூடு அதிகமானா பிளாஸ்டிக் பாபின் நெளிஞ்சுடும். டிஸ்டார்ஷன் (ஒலிய வேணும்னே கரகரப்பாக்குறது) நிறைய போட்டு வாசிக்குறவங்க நல்லா முக்குன சுருளா பாத்து வாங்குங்க, கிளீனா வாசிக்குறவங்களுக்கு மெழுகில்லாததே இன்னும் உயிரோட இருக்கும்.