உங்கள் பிள்ளையின் பாடசாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

வலயக் கல்விப் பணிமனைக்குப் பெற்றோர் கொண்டுவரும் முறைப்பாடுகளில் கணிசமானவை அந்தப் பணிமனையால் தீர்க்க முடியாதவை. அங்கே தீர்க்கக்கூடியவற்றைப் பலர் கொண்டுவருவதே இல்லை. கல்வி நிர்வாகத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற வகையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம் இதுதான். ஒரு தாய் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, நீண்ட நேரம் காத்திருந்து, "அது எங்கட கையில இல்லை அம்மா, கொழும்பிலதான் கேக்க வேணும்" என்ற பதிலோடு திரும்புகிறார். அதிகாரி பொய் சொல்லவில்லை. ஆனால் வருவதற்கு முன்பே இதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இலங்கையில் பத்தாயிரத்துக்குச் சற்று அதிகமான அரச பாடசாலைகள் உள்ளன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே வெள்ளைச் சீருடை, அதே இலவசப் பாடநூல், அதே பரீட்சை. நிர்வாகம் என்று வரும்போது அவை இரண்டாகப் பிரிகின்றன. ஏறத்தாழ 400 தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருக்கின்றன. பத்தரமுல்லையில் உள்ள இசுருபாயதான் அவற்றின் தலைமையகம். மிகுதி எல்லாம் மாகாண பாடசாலைகள். 1987இல் வந்த, மாகாண சபைகளுக்கு வழிசெய்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம்தான் இந்தப் பிரிவினைக்கு அடிப்படை. எண்ணிக்கையில் தேசிய பாடசாலைகள் நூற்றுக்கு நான்கு அளவுதான். ஆனால் நாட்டின் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவற்றில் படிக்கிறார்.

பெயரை வைத்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. மகா வித்தியாலயம், மத்திய கல்லூரி, இந்துக் கல்லூரி எல்லாம் இரண்டு பக்கத்திலும் உண்டு. 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று சொல்கிறார்களே, அது வேறு கணக்கு. எந்தத் தரம் வரை, எந்தப் பிரிவு வரை படிப்பிக்கிறார்கள் என்பதைக் காட்டுவது. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சியில் உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. வகை 2 பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். வகை 3 ஆரம்பப் பாடசாலை, சில இடங்களில் எட்டாம் தரம் வரை. 1ஏபி பாடசாலை என்பதால் அது தேசிய பாடசாலை ஆகிவிடாது. அதிபரிடம் நேராகக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மாகாண பாடசாலை என்றால் படிகள் இப்படி மேலே போகின்றன: பாடசாலை, அதற்கு மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேலே வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு. நாடு முழுக்க நூறு அளவு வலயங்களும் முந்நூறுக்கு மேற்பட்ட கோட்டங்களும் இருக்கின்றன. கோட்டப் பணிப்பாளரிடம் பணமும் இல்லை, நியமன அதிகாரமும் இல்லை. ஆனாலும் ஒரு பாடசாலையின் உண்மையான நிலையை அவரளவுக்கு அறிந்தவர் மேலே யாருமில்லை. கூரை ஒழுகுவதையும், மலசலகூடத்துக்குத் தண்ணீர் வராததையும், ஓர் ஆசிரியர் நாள்தோறும் பிந்தி வருவதையும் முதலில் அவரிடம் சொல்வதே சரி.

பாடத்திட்டம், பாடநூல், பொதுப் பரீட்சை மூன்றும் எல்லாப் பாடசாலைக்கும் மத்தியிலிருந்தே வருகின்றன. பாடத்திட்டத்தை மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது. பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடுகிறது. புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் உயர்தரமும் பரீட்சைத் திணைக்களத்தின் வேலை. பாடநூலில் பிழை இருக்கிறது என்று அதிபரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

பெற்றோர் அதிகம் கேட்பது ஆசிரியர் பற்றாக்குறை பற்றித்தான். "சேர், எங்கட பள்ளிக்கூடத்தில கணக்குக்கு ரீச்சர் இல்லாமல் ரெண்டு தவணை போட்டுது. கேட்டால் ஆள் இருக்கெண்டு சொல்லுகினம். எங்க இருக்கினம்?" என்று ஒரு தாய் கேட்டார். மிகச் சரியான கேள்வி. ஒவ்வொரு பாடசாலைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி என்று ஒன்று உண்டு. மாணவர் தொகையையும் வகுப்புகளையும் பார்த்து, இந்தப் பாடத்துக்கு இத்தனை ஆசிரியர் என்று தீர்மானிக்கிறார்கள். அந்த ஆளணியில் கணித ஆசிரியர் ஒருவரின் பெயர் இருக்கலாம். அவருடைய சம்பளமும் அந்தப் பாடசாலையின் பெயரிலேயே போகலாம். ஆனால் ஆள் தற்காலிக இணைப்பில், அதாவது தன் பாடசாலையை விட்டு வேறிடத்தில் வேலை செய்யும் தற்காலிக அனுமதியில், நகரத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருப்பார். தாளில் வெற்றிடமே இல்லை. வெற்றிடம் இல்லாத இடத்துக்குப் புதிய நியமனம் எப்படி வரும்?

எல்லா இணைப்பும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கடும் நோய், கைக்குழந்தை, பாதுகாப்பு என்று நியாயமான காரணங்கள் உண்டு. நோயாளியான ஓர் ஆசிரியையைத் தினமும் நீண்ட தூரம் பயணம் செய்யச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் இணைப்பு என்பது பெயரிலேயே தற்காலிகம். அது ஆண்டுக்கணக்கில் நீண்டால், அதற்கான விலையைக் கொடுப்பது அதிகஷ்டப் பிரதேசத்துப் பிள்ளை. ஆகவே "ஆசிரியர் தாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, அதில் உண்மையாகப் பாடசாலைக்கு வருபவர் எத்தனை பேர், இணைப்பில் வெளியே இருப்பவர் யார், அந்த இணைப்பு எப்போது முடிகிறது என்று கேளுங்கள். இவ்வளவையும் கேட்டால் பணிமனையில் கோப்பைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

தேசிய பாடசாலை ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் மத்திய அமைச்சு சார்ந்தவை. மாகாண ஆசிரியர் விடயத்தில் மாகாணமே தீர்மானிக்கிறது, வலய மட்டத்திலும் இடமாற்றச் சபைகள் கூடுகின்றன. ஒரே ஊரில் இரண்டு பாடசாலைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் விஞ்ஞான ஆசிரியர் மிகையாக, மற்றதில் ஒருவரும் இல்லாமல் இருக்கும். ஒன்று தேசிய பாடசாலை, மற்றது மாகாண பாடசாலை என்றால் வலயப் பணிப்பாளர் விரும்பினாலும் ஒருவரை மதிலுக்கு அந்தப் பக்கம் அனுப்ப முடியாது. 2020க்குப் பிறகு தேசிய பாடசாலைகளை ஆயிரமாக்குவது என்று பெரிதாகப் பேசப்பட்டது. பெயர்ப்பலகை மாறினால் கணித ஆசிரியர் வந்துவிடுவார் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை.

அடுத்தது பணம். இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கிறது. பாடநூல் 1980இலிருந்து இலவசம். ஆனாலும் தவணை தொடங்கும்போது பெற்றோர் கையில் காசோடுதான் போகிறார்கள். அனுமதிக்காக நன்கொடை வாங்கக்கூடாது, கட்டாயமாகப் பணம் சேர்க்கக்கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றுநிருபம் மூலம் பல தடவை சொல்லியிருக்கிறது. பாடசாலைக்குப் பெற்றோர் பணம் வருகிற முறையான வழி பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர் பதவி வழியில் அதன் தலைவர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் அதில் இருப்பார்கள். அதற்கு வங்கிக் கணக்கு உண்டு. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வைக்க வேண்டும்.

அந்தப் பொதுக்கூட்டத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று: கணக்கறிக்கையை வேகமாக வாசிப்பார்கள். "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்". பிறகு தேநீர். கேள்வி கேட்டால் பிள்ளையை வகுப்பில் பழிவாங்குவார்கள் என்ற பயம் பெற்றோருக்கு. அந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் தனியாக எழும்பி நிற்காமல், நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேள்வியைக் கொடுங்கள் என்கிறேன். "எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது, பற்றுச்சீட்டு இருக்கிறதா?" இதில் அவமரியாதை எதுவும் இல்லை. நேர்மையான அதிபருக்கு இப்படியான கேள்வி உதவியே செய்யும். கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கும் அதிபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வதந்தியால் மனமுடைந்தவர்களும் அவர்களில் உண்டு.

பாடசாலையைச் சோதிக்க யாரும் வருவதில்லையா என்று கேட்பவர்களுக்கு: வருகிறார்கள். வலயத்திலிருந்து மேற்பார்வைக் குழு வரும், ஆசிரிய ஆலோசகர் வருவார், வெளிவாரி மதிப்பீடு நடக்கும், கணக்காய்வும் உண்டு. வருகிற அதிகாரி சம்பவத் திரட்டு என்ற பாடசாலைப் பதிவேட்டில் தன் அவதானிப்பை எழுதி ஒப்பமிட்டுப் போவார். குறை அங்கே எழுதப்படாமல் விடுவது அரிது. எழுதியது அடுத்த வருடமும் அப்படியே கிடப்பதுதான் பிரச்சினை. இந்த ஆண்டின் குறிப்பையும் சென்ற ஆண்டின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குறைவு.

இன்னுமொரு விஷயம் மக்கள் மனதில் பதியவில்லை. மாகாண பாடசாலைகளுக்கு மேலே மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒரு மாகாணக் கல்வி அமைச்சர் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, வடக்கின் காலம் 2018இல் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் கலைந்துவிட்டன. தேர்தல் நடக்காமல், ஆளுநரும் செயலாளர்களும் நிர்வாகத்தைக் கொண்டுபோகிறார்கள். அவர்களில் அக்கறையானவர்கள் இல்லை என்பதல்ல. ஆனால் "எங்கள் கோட்டத்தில் ஏன் ஆறு பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் இல்லை?" என்று சபையில் எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. நாட்டின் மிகப் பெரும்பாலான அரச பாடசாலைகள் இந்த நிலையில் இத்தனை ஆண்டுகள் இருப்பது எனக்குப் பெரிய கவலை.

மாகாண சபைத் தேர்தல் நடக்கும்வரை பெற்றோர் கையில் இருக்கிற பலமான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பணிமனையில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். ஆளணி விபரம், இணைப்புக் கடிதங்களின் திகதி, பாடசாலைக்கு வந்த நிதி என்று எதையும் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வர வேண்டும். வராவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டதை மறந்துவிடலாம். பதிவு இலக்கம் விழுந்த கடிதத்துக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். எனவே எந்த முறைப்பாட்டையும் எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்றால் இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். முதலாம் தர அனுமதிக்கு யாராவது லஞ்சம் கேட்டால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பாடசாலை வாசலில் உள்ள அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். இது தேசிய பாடசாலையா மாகாண பாடசாலையா, அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, எந்தப் பாடத்துக்கு வெற்றிடம், அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் இன்று உள்ள மீதி, கோட்டப் பணிப்பாளரின் பணிமனைத் தொலைபேசி இலக்கம். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் மாற்றினால் போதும். இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த திங்கட்கிழமையே ஒட்டலாம்.