மானிட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

"போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க, புது மானிட்டரே வாங்கிடலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களைச் சென்னையில் சர்வீஸ் தொழில் செய்யும் எல்லோருக்கும் தெரியும். கழற்றிப் பார்த்தால் பல நேரம் எதுவும் எரிந்திருக்காது. பவர் சப்ளை சரியாக இருக்கும், திரைக்குப் பின்னாலுள்ள பேக்லைட் எரியும், படம் காட்டும் பேனலும் நன்றாக இருக்கும். ஆனால் கம்பெனி லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, போர்டில் உள்ள சின்ன சிப் ஒன்றில் எழுதியிருக்கும் புரோகிராமை. அதை மறுபடி ஏற்றினாலே பிழைத்துக்கொள்ளும் மானிட்டர்கள் நிறைய உண்டு.

மானிட்டருக்குள் எதற்குப் புரோகிராம்? கேபிளில் வரும் படம் அப்படியே திரைக்குப் போவதில்லை. நடுவில் ஸ்கேலர் என்ற சிப் இருக்கிறது. கம்ப்யூட்டர் 1280x720 அளவில் படம் அனுப்ப, பேனல் 1920x1080 ஆக இருந்தால், இடைப்பட்ட புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்புவது அதன் வேலை. அந்தச் சிப்புக்குள் ஒரு சிறிய பிராசஸரும் இருக்கும். இன்டெல் 1980இல் வெளியிட்ட 8051 வகையின் வாரிசுகளைப் பல மானிட்டர்களில் இன்றும் பார்க்கலாம். நீங்கள் பட்டனை அழுத்தினால் மெனு வருவது, சிக்னல் நின்றால் திரை தூங்கப் போவது எல்லாம் இதன் வேலைதான். இதற்கான புரோகிராம் பக்கத்திலேயே எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் இருக்கும். இது போக, மானிட்டர் தன் கம்பெனி, மாடல், தயாரித்த வாரம் போன்ற விவரங்களை 128 பைட்டில் வைத்திருந்து, கேபிள் செருகியதும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

புரோகிராம் இருக்கிறது என்றால் அதை மாற்றவும் முடியும். 2016இல் அமெரிக்காவின் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஆங் குய், ஜதின் கட்டாரியா ஆகிய ஆய்வாளர்கள் இதை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார்கள். டெல் மானிட்டர் ஒன்றின் உள்புரோகிராமை, இணைத்திருந்த கம்ப்யூட்டரிலிருந்தே மாற்றினார்கள். அதன் பிறகு திரையில் தெரியும் புள்ளிகள் அவர்கள் கையில். கணக்கில் இல்லாத தொகையை இருப்பதாகக் காட்டலாம், பாதுகாப்பில்லாத பக்கத்தில் பூட்டுச் சின்னத்தை வரையலாம். கம்ப்யூட்டரில் உள்ள ஆன்ட்டிவைரஸுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, ஏனென்றால் மாறியது கம்ப்யூட்டர் இல்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டு மானிட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு குடும்பத்தை ஏமாற்ற இத்தனை சிரமப்பட யாருக்கும் தேவையில்லை. அதற்கு ஒரு போலி எஸ்எம்எஸ் போதும். ஆனால் கணக்குப் பிரிவு, மருத்துவமனை, கட்டுப்பாட்டு அறை போன்ற இடங்களுக்குப் பழைய மானிட்டர் வாங்குபவர்கள் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

பென்டிரைவ் விஷயம் வேறு, அது எல்லோரையும் தொடும். பென்டிரைவ், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் மூன்றிலும் தனித்தனிப் பிராசஸர் உண்டு. பென்டிரைவின் உள்புரோகிராமை மாற்றினால் அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் என்பதை 2014இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஃபார்மேட் செய்தால் ஃபைல்கள் அழியும், இந்த உள்புரோகிராம் அழியாது. அதனால் கீழே கிடந்தது, யாரோ கொடுத்தது என்று எதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள்.

ரிப்பேருக்கு வருகிறேன். ரிச்சி தெருவில் டிவி, மானிட்டர்களுக்கு 'யுனிவர்சல் போர்டு' கிடைக்கும். பழைய போர்டை எடுத்துவிட்டு இதை வைத்து, பேனலுக்கு ஏற்ற புரோகிராமைப் பென்டிரைவிலிருந்து ஏற்றுவார்கள். நல்ல வழிதான், எத்தனையோ பேனல்கள் குப்பைக்குப் போகாமல் இதனால் தப்புகின்றன. ஆனால் அந்தப் புரோகிராம் எங்கிருந்து வந்தது என்று ஏற்றுபவருக்கே பெரும்பாலும் தெரியாது. ஏதோ ஒரு தளத்தில் இறக்கியது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பேனலுக்குப் பொருந்தாததை ஏற்றினால் படம் தலைகீழாகத் தெரியும், நிறம் கெடும். அதோடு, அந்தப் போர்டில் பேனல் வோல்டேஜை ஜம்பர் என்ற சின்ன இணைப்பானை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 வோல்ட் பேனலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் பேனலே போய்விடும். ஆகவே போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன், "இருக்கிற போர்டிலேயே சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். போடும் முன் பழைய புரோகிராமை நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியன் இதைச் சொல்லாமலே செய்வார். இன்னொன்று: சாஃப்ட்வேர் ஏறும்போது கரண்ட் போனால் பாதி எழுதியதோடு நின்றுவிடும். வீட்டில் டிவி 'அப்டேட்' கேட்டால், மழையும் இடியுமாக இருக்கிற மாலையில் ஆரம்பிக்காதீர்கள்.

வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர், லேப்டாப் பேட்டரி என்று எல்லாவற்றிலும் பிராசஸர் இருக்கிறது, ஆனால் நெட்டில் சேராதவரை அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. நான் உண்மையில் கவலைப்படுவது ரவுட்டருக்கும் சிசிடிவிக்கும்தான். 2016இல் மிராய் என்ற கிருமி, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் தேடித் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. கேமராக்கள் வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தன. சென்னையில் இன்று அபார்ட்மென்ட் வாசல், மளிகைக்கடை, கிளினிக் என்று எங்கும் கேமரா. மாட்ட வந்தவர் வைத்த பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தால் இன்றே மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறீர்கள், அப்படியே எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்றும் கேளுங்கள்.

பிராசஸரின் வடிவமைப்பையே எல்லோரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைத்து, நம்ம ஐஐடி மெட்ராஸில் 'சக்தி' பிராசஸரை உருவாக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. உள்ளே ஓடும் புரோகிராமும் அப்படித் திறந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்மார்ட் டிவியில் உங்கள் கணக்குகள் திறந்தபடியே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பெரிய ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. நகல் எடுத்த ஆதார், சொத்துப் பத்திரம் எல்லாம் அதில் தங்கியிருக்கலாம். சிசிடிவி ரெக்கார்டரில் உங்கள் வாசல் வழியாகப் போய்வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கொடுங்கள்.