முதல் நாள் கூடப் போக ஓர் ஆள்

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தோள்வலி, தலைசுற்றல், தூக்கமின்மை என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். எடுக்க வேண்டிய பரிசோதனைகள் எல்லாம் எடுத்தாகிவிட்டன. தோளுக்குப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாயிற்று. அப்புறம்தான் டாக்டர் அவரை என்னிடம் அனுப்பினார். நான் மருத்துவ சமூகப் பணியாளர். மாத்திரை எழுத எனக்கு உரிமை கிடையாது. என்னிடம் இருப்பது இரண்டு நாற்காலிகளும் ஒரு மணி நேரமும்தான்.

"ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகும்? காலையிலிருந்து சொல்லுங்களேன்" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பையைத் திறந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட நோட்டு. தேதி, மணி, மாத்திரை, சர்க்கரை அளவு, பிரஷர். கடைசிக் கட்டத்தில் சின்ன எழுத்தில் "தூங்கினார்", "தூங்கவில்லை", "என் பெயரைச் சொன்னார்". படுத்த படுக்கையாக இருந்த தாயைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு பக்கத்தின் பாதியில் எழுத்து நின்றிருந்தது. அதற்குக் கீழே மறுநாளின் தேதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதற்கு நேரே இருந்த கட்டங்கள் காலி.

"இப்போ காலையில எந்திரிச்சா என்ன செய்யறதுன்னு தெரியல சார்" என்றார்.

அன்றைக்கு நான் செய்தது தவறு. அவருக்குச் செடி வளர்ப்பில் ஆசை உண்டு என்று தெரிந்ததும், வாரம் ஒருநாள் கூடும் ஒரு தோட்டக் குழுவின் விலாசத்தையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அடுத்தவரைக் கூப்பிட்டேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது, பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். கூடவே அந்தச் சீட்டும் வந்து விழுந்தது. நாலாக மடித்தது மடித்தபடியே இருந்தது. "போகணும்னுதான் இருக்கேன் சார்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். வீட்டு வாசலைத் தாண்டவே தெம்பில்லாதவரிடம், முன்பின் தெரியாத இருபது பேர் இருக்கும் இடத்துக்குத் தனியாகப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதை அவருக்கு முன்னால் நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும்?

இந்த வேலைக்கு இன்று பல நாடுகளில் ஒரு பெயர் இருக்கிறது: சமூகப் பரிந்துரை. மருந்தோடு சேர்த்து, சில சமயம் மருந்துக்குப் பதிலாக, ஒரு நடைக்குழுவையோ பாட்டுக்குழுவையோ, கடனை அடைக்க வழி சொல்லும் ஆலோசகரையோ, வீட்டுத் தகராறுக்குச் சட்ட உதவியையோ நோயாளிக்குச் சேர்த்துவிடுவது. இது தனியாக இருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்த அறையில் படுக்கிற ஆஸ்துமா நோயாளிக்கு இன்ஹேலரை எத்தனை முறை மாற்றிக் கொடுத்தாலும் இரவில் இழுக்கத்தான் செய்யும். அவருக்குத் தேவை அந்தச் சுவரைச் சரிசெய்ய வைக்கும் ஆள். கடன் கொடுத்தவரின் போன் வருமோ என்று விடிய விடிய விழித்திருப்பவருக்குத் தூக்க மாத்திரை ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

இதன் வேர்களில் ஒன்று கிழக்கு லண்டனில் இருக்கிறது. 1984-ல் ஒரு தேவாலயக் கட்டடத்தில் தொடங்கிய பிரோம்லி பை போ மையத்தில் கலை, தோட்டம், வகுப்புகள் என்று மக்கள் கூட ஆரம்பித்தார்கள். பிறகு அதே வளாகத்துக்குள் டாக்டர்களும் வந்து உட்கார்ந்தார்கள். 2019-ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இதைத் தன் நீண்டகாலத் திட்டத்திலேயே சேர்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புப் பணியாளர்களை நியமிப்பது, ஐந்தாண்டுக்குள் குறைந்தது ஒன்பது லட்சம் பேரை இப்படிப் பரிந்துரைப்பது என்று இலக்கு வைத்தது. இணைப்புப் பணியாளர் என்ற அந்தப் பதவிதான் என் கண்ணில் முக்கியம். டாக்டருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருக்க ஒருவர் வேண்டும்.

"தனிமை மனசு சம்பந்தப்பட்டதுதானே, உடம்புக்கு என்ன வந்தது?" என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010-ல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள், ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு இருப்பதாகவும் அது மதிப்பிடுகிறது. இதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. ஓயாத மன அழுத்தம் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது. அதோடு, "மாத்திரை போட்டாயா?" என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் மாத்திரை மறந்துபோகும். கால் வீங்கியிருக்கிறதே என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்காது.

சரி, அந்த அம்மாவிடம் வருவோம். இந்த முறை சீட்டு எழுதவில்லை. "எந்தக் கிழமை உங்களுக்குச் சரிப்படும்? நானும் வருகிறேன்" என்றேன். முதல் வாரம் அந்த இடத்தின் கேட்டுவரை போனோம். உள்ளே பேச்சுச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். அவர் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு வேண்டாம் சார், அடுத்த வாரம்" என்றார். திரும்பிவிட்டோம். வற்புறுத்தவில்லை. அன்று கேட்டுவரை வந்ததே அவருக்குப் பெரிய தூரம்.

அடுத்த வாரம் உள்ளே போனோம். குழுவை நடத்துபவரிடம் முன்பே போனில் பேசி வைத்திருந்தேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்த அம்மாவின் உரிமை. "கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்" என்று மட்டும், அவருடைய சம்மதத்தோடு சொல்லியிருந்தேன். அவர்களும் நலம் விசாரித்து அவரைச் சங்கடப்படுத்தவில்லை. எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விட்டோம் என்று யாரும் குறித்து வைப்பதில்லை, சிலது அழுகுகிறது, சிலது வாடுகிறது, நீங்கள் கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். அவர் பாத்திகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு பையைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். ஸ்கேல் அத்தனை நாளும் பையிலேயே இருந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து, தாய் இறந்த தேதி வந்தபோது ஒரு மாதம் போகாமல் இருந்தார். குழுவில் ஒருவர் போன் செய்து, "உங்க நோட்டு எங்களுக்குப் புரியல, வந்து சொல்லுங்க" என்றதும்தான் திரும்பப் போனார். தோள்வலி இன்னும் இருக்கிறது. கிளினிக்குக்கு வருவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

ஒருவருக்கு உதவி கிடைக்கும் இடத்தைவிட, அவர் உதவி தேவைப்படும் இடத்தில்தான் காலூன்றுகிறார் என்பது நான் திரும்பத் திரும்பக் கண்டது. ஜிம்பாப்வேயின் 'நட்பு பெஞ்ச்' இதைத்தான் அழகாகச் செய்கிறது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ஹராரேயில் தொடங்கியது. பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கதையைக் கேட்டு, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து அதற்கு வழி தேட உதவுகிறார்கள். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை நீட்டாமல், ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது, என்ற ஊர்ச்சொல்லிலேயே பேசுகிறார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். பெஞ்சில் பேசி முடித்தவர்கள் ஒரு குழுவில் சேர்ந்து, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னுகிறார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். ஆண்களுக்கு இது இன்னும் பொருந்தும். எதிரெதிரே உட்கார வைத்து "மனசில் என்ன இருக்கு?" என்றால் பலர் ஒன்றுமில்லை என்பார்கள். பக்கத்தில் நின்று ஒரு மேஜைக்காலை ரம்பத்தால் அறுக்கும்போது சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 1990-களில் பரவிய ஆண்கள் பட்டறைகள் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் நான் கறாரானவன். "இவருக்குத் தனிமைதான் நோய்" என்ற முடிவுக்கு டாக்டர் பார்க்கும் முன்னால் யாரும் வரக்கூடாது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் மனிதர் சோர்ந்துதான் கிடப்பார். காரணமில்லாமல் எடை குறைவது, மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, திடீர் மறதி ஆகியவற்றுக்கெல்லாம் முதலில் பரிசோதனை. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசரச் சிகிச்சைக்கோ அழைத்துப் போக வேண்டும். பாட்டுக்குழு அதற்குப் பிறகு. ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை, மனசு லேசாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் ஆபத்து.

இதன் பலன் பற்றி மிகைப்படுத்துவதும் எனக்குப் பிடிக்காது. இங்கிலாந்தின் ஃப்ரோம் என்ற சிறு நகரத்தில் 2013-லிருந்து மருத்துவ நிலையமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். முடிதிருத்துபவர், டாக்ஸி ஓட்டுநர் போன்றவர்களுக்குக்கூட எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2017-க்குள் அவசரமாக மருத்துவமனையில் சேர்வது அங்கே 14 சதவீதம் குறைந்தது; சுற்றியிருந்த மாவட்டத்திலோ அது கூடிக்கொண்டே போனது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒரே ஒரு ஊர். எல்லாமே இதனால்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மொத்தத்தில் இந்தத் துறையின் ஆய்வுகள் பல சிறியவை, குறுகிய காலத்தவை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ஒருவரை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து அவரையே கேட்டுப் பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

இன்னொன்று என்னைக் கவலைப்படுத்துகிறது. கிளினிக்கிலிருந்து ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தால், அவர்களை ஏற்கும் குழு உயிரோடு இருக்க வேண்டுமே. பெரும்பாலும் அதை இரண்டு மூன்று பேர் தங்கள் மாலை நேரத்தைக் கொடுத்து நடத்துகிறார்கள். இடத்துக்கு வாடகை, கருவிகளுக்குச் செலவு, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த வாரம் பூட்டு. பரிந்துரைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், பரிந்துரைக்கப்படும் இடத்துக்கும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் பூட்டிய கதவுகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்போம்.

நீங்கள் ஒரு குழு நடத்துகிறவராக இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக ஒருவர் வரும் நாளில் முதல் பத்து நிமிடம் வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். உள்ளே வந்தவர் எங்கே உட்காருவது என்று தேடும்படி விடாதீர்கள். போகும்போது அடுத்த வாரம் செய்ய ஒரு சின்ன வேலையைச் சொல்லி அனுப்புங்கள். இரண்டாவது வாரம் வராவிட்டால் அன்று மாலையே ஒரு போன் செய்யுங்கள். முதல் வாரத்தைவிட இரண்டாவது வாரத்தில்தான் ஆட்கள் அதிகம் நழுவுகிறார்கள் என்பது என் அனுபவம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால், "வெளியே போய் நாலு பேரோடு பழகு" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அவர் முன்பு எதில் கெட்டிக்காரராக இருந்தார் என்று கேளுங்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படும் இடம் ஒன்றைத் தேடுங்கள். பிறகு கிழமையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். கேட்டுவரை போய்த் திரும்ப வேண்டி வந்தால் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரமும் அதே கிழமை வரும்.