காலாவதியான புரோநோட்டு: கடன் தீர்ந்துவிட்டதா?

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு, அவர் மகள் கல்யாணத்துக்காக இந்த அம்மா கடனாகக் கொடுத்த 2 லட்சம் ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. தேதியைப் பார்த்தேன்: 3 வருடம் 4 மாதம் ஆகியிருந்தது. திருப்பினால் பின்பக்கம் வெறும் தாள்.

"வட்டி கொடுத்தாரா அம்மா?"

"முதல் வருஷம் முழுக்கக் கையிலயே கொடுத்தாரு சார். அப்புறம் அவங்க வீட்டுல உடம்பு சரியில்ல. அந்த நேரத்துல போய் எப்படிக் கேட்கிறது?"

கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, வழக்குப் போட எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவு 3-இன்படி, கெடு தாண்டிய வழக்கை எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும். கடைசியாகக் கொடுத்த வட்டியை மட்டும் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, அவர் கையெழுத்தை வாங்கியிருந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைத்திருக்கும். அதாவது, வழக்குப் போட இன்னும் 8 மாதம் இருந்திருக்கும். கையெழுத்துக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது, தயவுசெய்து கேளுங்கள்.

கெடு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சாட்சிகள் இறந்துபோவார்கள், பழைய காகிதத்தைக் காட்டி வாரிசுகளை மிரட்டுவார்கள். அதை நான் ஏற்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்துப் பொறுத்திருந்தவருக்கும் அதே கதவுதான் மூடுகிறது என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வலிக்கிறது.

"மூணு வருஷம் தாண்டிட்டா தர வேண்டாம்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டு கடன் வாங்கியவர்களும் வருவார்கள். கோர்ட் உங்களைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் நீங்கள் வாங்கிய பணம் வாங்கிய பணம்தான் என்பேன். சட்டமும் இங்கே கடனை அழிப்பதில்லை. வழக்குப் போடும் வழியை மட்டும்தான் அடைக்கிறது. கெடு தாண்டியபின் மனமுவந்து கொடுத்ததை, காலாவதி என்று சொல்லித் திரும்பக் கேட்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25(3) இன்னும் ஒரு படி மேலே போகிறது: காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம். 'பாக்கி இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, 'தருகிறேன்' என்ற வாக்கு அதில் இருக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள் என்றேன். எல்லாரும் இப்படி வருவதில்லை, ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மாதம் 5,000 வீதம் தருவதாக என் எதிரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் தவணையைக் கொடுத்த அன்று, அந்தம்மா தாளைத் திருப்பி அவரிடம் பேனாவை நீட்டினாராம்.