பத்திரத்துக்கு உறை வாங்கும் முன்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் பீரோவைத் திறந்தால் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றாவது இருக்கும். அதைக் காப்பாற்ற ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் உறை தேடுபவர்கள் 'ஆர்கைவல்' (நெடுநாள் காக்கும்), 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்ற எழுத்தைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 'ஆர்கைவல்' என்பதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். கட்டாய வரையறை எதுவும் கிடையாது.

'ஆசிட் ஃப்ரீ' என்றால் தயாரான அன்று தாளின் பி.எச். (அமில, கார அளவு; 7க்குக் கீழே போனால் அமிலம்) 7 அல்லது அதற்கு மேல், அவ்வளவுதான். உள்ளே மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் மிச்சமிருந்தால் நாளாக ஆக அமிலம் ஊறும். நாளிதழ் பழுத்துப்போவதும் அதனால்தான். நெடுநாள் நிலைக்கும் தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 என்ற சர்வதேசத் தரமோ பி.எச். 7.5 முதல் 10 வரை, குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கார இருப்பு (பின்னால் வரும் அமிலத்தை முறிக்க), லிக்னின் மிச்சத்தைக் காட்டும் காப்பா எண் 5க்குள் என்று எல்லாவற்றையும் கேட்கிறது. கடையில் இந்த 9706 என்ற தர எண்ணைக் கேளுங்கள். அட்டையானால் மாதிரியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: மேலே வெள்ளைத் தாள், நடுவில் சாம்பல் கூழ் என்றால் வேண்டாம். தாளில் கோடு போட்டு அமிலம் பார்க்கும் பி.எச். பேனா மேல்பரப்பை மட்டுமே சோதிக்கும், லிக்னினைக் காட்டாது. அந்தப் பேனாவை மூலப் பத்திரத்தில் வைத்துவிடாதீர்கள், கறை போகாது.

பிளாஸ்டிக் கவரில்தான் ஏமாற்றம் அதிகம். பி.வி.சி. கவரிலும் 'ஆசிட் ஃப்ரீ' என்று போடுகிறார்கள். புதிதில் அது பொய்யில்லை. பழசாகும்போதுதான் ஹைட்ரஜன் குளோரைடு கசியும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பசை வெளியே வந்து, ஜெராக்ஸ் எழுத்தைக் கவரோடு உரித்துக்கொண்டு போகும். புது ரெயின்கோட் வாடை அடித்தாலோ, முக்கோணக் குறிக்குள் 3 இருந்தாலோ பி.வி.சி. என்று பொருள். பூச்சு எதுவும் இல்லாத பாலியெஸ்டர் (1), பாலிப்ரொப்பிலீன் (5) நல்லவை. ஆனால் கடல்காற்று அடிக்கும் ஊரில் நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும். லேமினேஷன் பேச்சே வேண்டாம்.

'ஆசிட் ஃப்ரீ' டேப்பும் அப்படித்தான். பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்.

பத்திரக்கட்டில் நீல நிற வீட்டு பிளான் இருந்தால் தனியாக எடுத்துவிடுங்கள். மற்ற தாள்களுக்கு நல்லது செய்யும் அதே கார இருப்பு, புளூபிரிண்டின் நீலத்தை வெளுக்க வைக்கும். அதற்கு மட்டும் 'பஃபர்' (அந்தக் கார இருப்பு) சேர்க்காத, லிக்னின் இல்லாத உறை என்று கேட்டு வாங்க வேண்டும்.